வளையல் குலுங்கிய இடம்

புதுமடத்தில் அப்பாவை வாப்பா என்போம், அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா. காக்காவின் இங்கிலீஷ் ராத்தாவின் கண்ணாடி வளையல்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகியது.

பெரியமனுஷியானதும் ராத்தாவின் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டு ரேடியோ நிற்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் இங்கிலீஷ் செய்தியைக் கேட்டபடியே ஓலைப்பெட்டி முடைவாள். அந்தப் பேச்சு அலைபோல ஓரிடத்தில் எழும்பி மற்ற இடங்களில் படுத்துக்கொள்வதை அவளாகவே கண்டுபிடித்தாள். காக்காவோ எல்லா எழுத்தையும் ஒரே கனத்தில் போடுவான், மூட்டை இறக்குகிறவன் மாதிரி.

“ஹோட்டல்னு மொதல்லயே அமுக்காதீங்க காக்கா. ‘ஹோ’வ லேசா விட்டுட்டு ‘டெல்’லுல ஏறுங்க” என்று சொல்லிக் கையைக் குலுக்குவாள். வளையல் சத்தம் கேட்கும் இடத்தில் அவன் அழுத்துவான்.

கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், வெள்ளைக்காரர்களிடம் பேசத் தெரிந்த பையனைத் தேடி ஊருக்கு வந்திருந்தார். வேலை கிடைத்தால், வாப்பாவிடம் பேசி ராத்தாவை மறுபடி படிக்கவைப்பதாகக் காக்கா சத்தியம் செய்திருந்தான். ஆகவே பரீட்சை அவளுக்கும்தான்.

முதலாளி எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார். காக்கா மனப்பாடமாக வைத்திருந்த இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொன்னான். திரைக்குப் பின்னால், என்னை மடியில் வைத்துக்கொண்டு, ராத்தா ஏறவேண்டிய இடங்களில் மட்டும் கையை அசைத்தாள். அவன் ஏறினான், இறங்கினான், மிதந்தான். திரையின் கிழிசல் வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் முதலாளியின் கண் அவனை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியது.

“பய தேறிட்டான். அடுத்த கப்பலுக்கு அனுப்பிவைங்க” என்றார் வாப்பாவிடம். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “உள்ள வளையல் சத்தம் சாஸ்தியா இருக்கே. கொமருப்புள்ளய ரொம்ப நாளு வீட்ல வச்சிருக்காதீங்க.”

வாப்பா தலையாட்டினார். காக்காவுக்கு அப்போது இரண்டு பாஷை தெரியும். ராத்தாவின் படிப்புப் பேச்சை இரண்டிலும் எடுக்காமல், முதலாளியை வழியனுப்ப வாசல்வரை போனான்.

கப்பல் கிளம்பும் முன்பே ராத்தாவின் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை திருப்பாலைக்குடியில் கருவாட்டு வியாபாரி. கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டு முழங்கை வரை தங்கம் போட்டிருந்தார்கள். வந்த பெண்களெல்லாம் அவள் கையைத் தூக்கி, குலுக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார்கள். விட்டதும் அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பயணம் சொல்ல வந்த காக்கா இங்கிலீஷில் வாழ்த்தினான். ஓரிடம்கூடப் பிசகவில்லை. அவள் கை அசையவே இல்லை.

புதுத் தங்கம் உரசித் தேய்ந்துவிடுமென்று பயப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.