ஈரம் காயாத ரோடு

அந்தக் கார் பந்தய விளையாட்டின் குறைகளை என்னைப் போல் அறிந்தவர் எங்கள் ஊரில் யாரும் இருந்திருக்க முடியாது. காரணம் எளிது. நான் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். ஓட்டியவன் சித்தப்பா மகன்.

என்னைவிட இரண்டு மாதம் இளையவன். அக்கா என்று கூப்பிடச் சொல்லி சித்தி எத்தனையோ முறை திட்டியும் 'ஏய்' என்பதற்கு மேல் அவன் வாயில் வரவில்லை. 2006 கோடையில், நாங்கள் ஆறாம் வகுப்பு முடித்த சமயம், அவன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, அதில் அந்த விளையாட்டும். சித்தப்பா மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். முந்தின வருடம் உப்பு நல்ல விலைக்குப் போயிருந்தது. எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எந்த வருடமும் வராது என்று எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சு என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்கலாம். எனக்கு நிஜமாகவே எரிந்தது.

வஞ்சனை இல்லாமல் அதன் சிறப்புகளையும் சொல்லிவிடுகிறேன். கார் கிளம்பும்போது வரும் உறுமல் நெஞ்சுக்குள் கேட்கும். ஜெயிக்க ஜெயிக்கக் காசு சேரும், அதில் நல்ல வண்டி வாங்கலாம், காரின் அடியில் நீல விளக்கு பொருத்தலாம், கதவில் நெருப்புப் படம் ஒட்டலாம், பிடித்த நிறம் அடிக்கலாம். அவன் எல்லாக் காருக்கும் கறுப்புதான் அடித்தான். கிளிப்பச்சை அடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் நல்லா இருக்காது" என்றான்.

இனி குறைகள். அந்த நகரத்தில் எப்போதும் இரவு. ரோட்டில் ஒரு மாடு கிடையாது, நாய் கிடையாது. எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வேகத்தில் போனால் அனுமந்தை தாண்டுவதற்குள் நாலு பேர் வழிமறித்து அடித்திருப்பார்கள். சுவரில் மோதினாலும் காருக்கு ஒன்றும் ஆகாது. நாம் பின்தங்கினால் முன்னால் போகிறவன் மெதுவாகிவிடுவான். நாம் முந்தினால் பின்னால் வருகிறவன் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வான். இதற்குப் பெயர் பந்தயமா? எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இருந்தது ஒரே ஒரு கீபோர்டு. அது அவன் மடியில் இருந்தது.

"எனக்கு எப்பதான் குடுப்ப?"

"ஏய், இரு. இதுல முதல்ல குடுக்கிற வண்டி சரியான டப்பா. நீ ஓட்டுனா தோத்துக்கினே இருப்ப. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்."

தினமும் இதே பதில்தான். அவன் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவன் கார் எதிலாவது மோத வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

சித்தப்பா வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பங்குனியில் உப்பு விளையத் தொடங்கினால், ஐப்பசியில் அளத்து வேலை முடியும்வரை மழை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. வாரிக் குவித்த உப்பு வெட்டவெளியில் கிடக்கும். ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், பட்ட பாடெல்லாம் கரைந்து ஓடிவிடும். வானம் கறுத்தால்கூட சித்தப்பா, "அது வர்ற மாதிரி இருக்குது" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ரோடு எப்போதும் நனைந்தே இருக்கும். சில பந்தயங்களில் மழையே பெய்யும்.

ஒரு மதியம் சித்தப்பா சாப்பிட வந்திருந்தார். திரையில் மழை. வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, இங்க வந்து பாருங்களேன், எப்படிக் கொட்டுதுன்னு."

கை கழுவாமல் வந்து நின்றார்.

"இந்த ஊர்ல உப்புக்காரன் ஒருத்தனும் இல்லியா?" என்றார். பிறகு மகனிடம், "ஏம்பா, வெயில்ல ஓட்டுற மாதிரி ஒண்ணும் கெடையாதா?"

"இல்லப்பா. இதுல ரோடு எப்பவுமே இப்படித்தான்."

"அப்ப அளம் முடியிற வரைக்கும் இது நம்ம வீட்ல வேணாம். பெரியப்பா வீட்ல வச்சிடு. நீயும் அதுகிட்ட போவக் கூடாது."

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. கீபோர்டைத் தலையில் வைத்துத் தூக்கிவந்து இறக்கினான். "ஆன் பண்ணிப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆன் பண்ணினேன். ஆடுகிறவர்கள் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவன் பெயர். இன்னொன்று, ஆங்கில எழுத்தில், 'அக்கா'. அதைத் தட்டினால் ஒரு கிளிப்பச்சைக் கார் வந்து நின்றது, அடியில் விளக்கெல்லாம் எரிய. பதினாலு பந்தயம் ஜெயித்திருப்பதாகக் காட்டியது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாதவன், நான் கேட்ட நிறத்தையும் அடித்துவைத்து என்னைக் கேலி செய்கிறான். என் பங்கையும் சேர்த்து அவனே ஆடியிருக்கிறான். அந்தப் பெயரை அழித்தேன். நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

என் பெயரைப் போட்டுப் புதிதாகத் தொடங்கினேன். முதல் வண்டி டப்பா என்பது உண்மைதான். லீவு முடியும்வரை தோற்றுக்கொண்டே இருந்தேன். அப்பா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஒரு ஸ்டாப்பிங்லயும் ஆள் இல்லியே, யார ஏத்த இவ்ளோ வேகமா போற?" என்றார்.

அந்த வருடம் கோடை மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை இடம் மாற்றியதால்தான் என்று சித்தப்பா இன்றைக்கும் சாதிப்பார். ஐப்பசியில் அளம் முடிந்து, அவர்கள் வீட்டில் மழை மழை என்று தாராளமாகப் பேச ஆரம்பித்த பிறகு, அவன் அதை எடுத்துப்போக வந்தான். ஒயரைக் கழற்றுவதற்கு முன் ஒருதரம் ஆன் பண்ணி, பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினான்.

"பச்ச வண்டி எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பதினாலு ரேஸு" என்றான். பிறகு ஒயரைச் சுற்றத் தொடங்கினான்.

ஜெயித்த பெருமையைப் பீற்றிக்கொள்கிறான் என்றுதான் நினைத்தேன். நான் அதுவரை மூன்றுகூட ஜெயித்திருக்கவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.