அரை லிட்டர் ஞானஸ்நானம்

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர்களைத் திட்டுவதுதான் என் வேலையில் பாதி. தென்னூரில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கிட்னி கைவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்கும். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வோம். யார் கேட்கிறார்கள்?

நான் திட்டாத ஒரே ஆள் காத்தமுத்து. துவாக்குடிப் பட்டறையில் இருபது வருஷம் வெல்டராக இருந்தவர். சொந்த ஊர் மருங்காபுரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. காலையில் ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். காப்பி போடுவதென்றாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில்கூட இன்னொரு மடக்கு கேட்டதில்லை. என்ன மனிதர் இவர் என்று மலைத்துப்போவேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் அவருக்கு இயேசுவின் மேல் நம்பிக்கை வந்தது. ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அவர் மனைவி லூர்துராணி பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கர். அவளுடைய அண்ணன் அருள்நாதன் வேறு சபைக்குப் போய்ப் பாஸ்டர் ஆனவர். இரண்டு பேரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாதாடுவார்கள்.

"தலையில மூணு தடவை தண்ணி ஊத்தினாப் போதும்ண்ணே."

"பழைய மனுஷனைப் புதைக்கணும்மா. ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிட்டு, பொதைச்சாச்சுன்னு சொல்லுவியா? முங்கணும்."

"சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனை எந்த ஆத்துல முக்குனாங்க?"

"அவனுக்கு இறங்க வழியில்ல. மாப்ளைக்கு இருக்குல்ல?"

இல்லை. காத்தமுத்துவின் கழுத்தில் டயாலிசிஸுக்கான டியூப் இருந்தது. அதன் முனை நேரே இதயத்தில் போய் நிற்கும். தோலில் அது நுழைகிற இடம் நனைந்தால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் இரண்டு வருஷமாக அவருக்குத் தலைக்குக் குளியல்கூட இல்லை. "கொள்ளிடத்துல முக்கினீங்கன்னா அப்புறம் இங்க கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இருக்காது பாஸ்டர்" என்று வெடுக்கென்று சொன்னேன். கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் ஏசவும் செய்தேன்.

அன்று சாயங்காலம் பாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"முங்காமப் போயிட்டார்னா என்ன ஆவார்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாத ஒண்ணைப் போதும்னு எப்படிங்க சொல்றது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாசியில் காத்தமுத்துவின் இதயமும் தளர்ந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊசி குத்தும்போதுகூட முகம் சுளிக்காத மனிதர், அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நான் கரை சேருவேனா?"

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த என்னிடம் கேட்கிற கேள்வியா இது? மெஷினைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல எடை பார்த்தேன். எப்போதும் ஒன்றரைக் கிலோ ஏறி வருவார். அன்று ஒரு கிலோதான். உதடு வெடித்திருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். அது நிறைய இருந்தது.

"நேத்தையத் தண்ணி மச்சான். ஒரு சொட்டு தொடலை. என்னால ஆத்துல இறங்க முடியாது. எனக்குன்னு ஒரு நாளைக்கு இருக்கிற தண்ணி இம்புட்டுத்தான். இது பூராவும் எடுத்துக்கங்க."

லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்த களை அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை. இத்தனை மாசம் போதும், போதாது என்று பேசிய தண்ணீர், அவர் தாகத்தைப் பூட்டி வைத்த பாட்டிலாக எதிரே நின்றது.

அருள்நாதன் செருப்பைக் கழற்றினார்.

"இது போதுமான்னு என்னைக் கேக்காதீங்க மாப்ளே. வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

நான் டியூப்பைச் சுற்றிப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டினேன். மடியில் ஒரு பேசினைக் கொடுத்துத் தலையைக் குனியச் சொன்னேன். பாஸ்டர் மூன்று தடவை ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்.

காத்தமுத்து நிமிர்ந்தார். நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கு வழியாக இறங்கி, வெடித்த மேலுதட்டில் வந்து நின்றது. அவர் அதை நக்கவில்லை. குடிக்கலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

குடியுங்கள் என்று தலையாட்டினேன்.