இரண்டு கை வைத்த கோட்டு

என் தங்கை அன்புச்செல்விக்கு வயது இருபத்து நான்கு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், தோள் அகலம் பதினான்கரை, கை நீளம் இருபத்தொன்று. பட்டினப்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் நானும் அவளும் இருக்கிறோம். நான் எட்டாவதோடு நின்றவள். தியாகராய நகரில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். அவள் தபாலில் பி.காம். முடித்துவிட்டு, தரமணியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடுகிறாள். எங்கள் பிளாக்கில் நானூறு பக்க இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியில், படித்து முடித்த புத்தகங்களை வைத்துவிட்டுப் போக ஒரு அலமாரி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்துதான் 'மதில் நகரம்' முதல் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மொத்தம் ஐந்து புத்தகம், எல்லாம் இங்கிலீஷில். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்காக எழுதியதாம். ஆனால் எல்லா வயசுக்காரர்களும் பைத்தியமாகப் படிக்கிறார்கள். அன்பு போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து முதல் புத்தகத்தை முடிக்க நாற்பத்தொரு நாள் ஆயிற்று. இரண்டாவதுக்கு இருபத்தாறு நாள். மூன்றாவதுக்குப் பத்தொன்பது. நான்காவதைப் பதினொரு நாளில் முடித்தாள். நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

கதை, இனிமேல் வரப்போகும் ஒரு காலத்தில் நடக்கிறது. ஊரைச் சுற்றிப் பெரிய மதில். உள்ளே எல்லாக் குழாய்க்கும் பூட்டு. காவலர்கள் டோக்கன் கிழித்துத்தான் தண்ணீர் விடுவார்கள், ஆளுக்கு நாலு குடம். எதிர்த்துக் கேட்டால் சுடுவார்கள். மைரா என்று ஒரு பெண் கலகம் செய்கிறாள்.

எங்கள் பிளாக்குக்குச் செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி வரும் என்று பேர். ஏழரைக்கு முன்னால் வந்ததில்லை. டோக்கன் கொடுத்து வரிசையைப் பார்த்துக்கொள்வது மூன்று வருஷமாக அன்புதான். காத்திருக்கும் நேரத்தில் அவள் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில், லாரி வராத வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள்.

கேட்பவர்களில் தலைமை, கீழ்வீட்டு ஜைதூன் பீ. சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவர். கை குஞ்சம் கட்டிக்கொண்டே இருக்கும், வாய் கதையைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆளுக்கு நாலு குடம் என்று அன்பு சொன்ன அன்றைக்கு அவர் முடிச்சை நிறுத்திவிட்டார்.

"தலைக்கு நாலு குடமா? தெனமுமா?"

"ஆமாம்மா, தெனமும்."

"அப்ப இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு கலாட்டா பண்ணிக்கினு கீது?"

மைராவை வரிசையிலிருந்து தள்ளிவிட்ட இடத்தில், இடம் பிடிக்கக் குடத்தை வைத்துவிட்டு நகரத் தெரியாதவளெல்லாம் எப்படிக் கலகம் செய்வாள் என்று கேட்டார். ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

நான்காவது புத்தகம், மைரா மதிலின் உச்சியில் ஒற்றைக் கயிற்றில் தொங்க, மேலே ஒரு காவலன் அந்தக் கயிற்றை அறுக்க ஆரம்பிப்பதோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என் தங்கைக்கு நிம்மதி இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மாடிப்படியில் ஜைதூன் பீ மறிப்பார்.

"இன்னும் தொங்கிக்கினுதான் கீதா?"

"தொங்கிக்கினுதாம்மா கீறா. அஞ்சாவது புக்கு வரணும்."

"சீக்கிரம் எறக்குமா. எனக்குக் கை வலிக்குது."

ஐந்தாவது புத்தகம் வரும் என்ற செய்தி வந்தது. கடைகளில் விசாரித்தால், முதல் கட்டு முழுவதும் முன்பதிவிலேயே போய்விட்டது, அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அன்பு போனில் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் குழு ஒன்றில் இருந்தாள். நூற்று முப்பது பேர். எல்லோரும் எழுதியதைப் படிப்பாள். இங்கிலீஷ் தப்பாகிவிடும் என்று பயந்து ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தக் குழுவை நடத்தும் ஜலஜா என்ற பெண் ஒரு அறிவிப்புப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் எல்லோரும் கூடுவது. கதையில் வருகிற உடுப்பில் வரவேண்டும். விவாதம் நடக்கும். நன்றாகப் பேசுகிறவருக்கு, ஜலஜாவிடம் மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஐந்தாவது புத்தகம்.

அன்பு அதை என்னிடம் மூன்று தடவை படித்துக் காட்டினாள். அப்புறம் மூன்றாவது புத்தகத்தின் அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இதே மாதிரி ஒரு கோட்டு தெச்சுக் குடு. அப்படியே இருக்கணும்."

அட்டையில் அந்தப் பெண் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தாள். நிமிர்ந்த காலர், ஆறு பித்தளைப் பொத்தான். இடது கை தோளோடு கிழிந்து நூல் தொங்கியது.

என் தொழிலின் வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை கொண்டுவருவார்கள். அது அக்குளில் கிழிந்திருக்கும், கொக்கி போயிருக்கும். நாங்கள் அளவை எடுத்துக்கொள்வோம். கிழிசலை எடுத்துக்கொள்ள மாட்டோம். இருபது வருஷமாக என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. அதனால் படத்தில் இருந்த வலது கையைப் பார்த்து அளவெடுத்து, இடது பக்கத்துக்கும் ஒரு கை வெட்டினேன். கிழிந்த கைக்குக் கதையில் ஒரு காரணம் இருந்தது எனக்குத் தெரியாது. லாரி வருவதற்குள் மேலே டிரம்மைக் கழுவி வைப்பதும், வந்ததும் குடங்களை வாங்கி ஊற்றுவதும் என் வேலை, கதை எனக்குப் பாதிதான் காதில் விழும். நாலு சாயங்காலம் உட்கார்ந்து தைத்தேன். தோள் மூட்டில் இரட்டைத் தையல், அதன்மேல் நாடா, உள்ளே லைனிங்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கு மூன்று மணி வரை வேலை. அவள் தரமணியிலிருந்து நேராக வருவதாகவும், நான் கோட்டைக் கொண்டுவருவதாகவும் ஏற்பாடு. இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டி எடுத்துப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் கசங்கும் என்று ஹேங்கரை மேல்கம்பியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டே போனேன்.

வேளாங்கண்ணி கோயில் பக்கம் மணலில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் இடது கை கிழிந்திருந்தது. நல்ல வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் தெரிந்தார்கள். ஒரு பெண்ணிடம் போய், தோள் பிரிந்திருக்கிறது, என்னிடம் ஊசி நூல் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். கூட்டத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவரும் இருந்தார். மயிலாப்பூர் சுவாமிநாதன், பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி, இடது கை இல்லாத கதர்ச் சட்டை, அதற்குள்ளிருந்து பனியன் எட்டிப் பார்த்தது.

அன்பு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். கோட்டைப் போட்டுவிட்டு ஆறு பொத்தானையும் நானே மாட்டினேன். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் தன் இடது கையைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கைய இன்னாத்துக்கு வெச்ச?"

"கிழிஞ்சத அப்படியேவா தெப்பாங்க?"

"கிழிஞ்ச கைதான்க்கா மைரா ஆளுங்க. ரெண்டு கையும் முழுசா இருந்தா கார்டு, காவக்காரன்."

முதல் புத்தகத்தில் காவலர்கள் சுட்ட ஒருவனுக்குக் கட்டுப் போட மைரா தன் கோட்டின் இடது கையைக் கிழிக்கிறாளாம். அன்றிலிருந்து அவள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் அடையாளம். என் தங்கை சுடுகிறவர்களின் உடுப்பில் நின்றாள், நான் தைத்த கோட்டில். உடனே பிரித்துவிடுகிறேன் என்று பைக்குள் கையை விட்டேன். அதற்குள் ஜலஜா பார்த்துவிட்டாள்.

"ஹலோ, கார்டா வந்திருக்கீங்களா? சூப்பர். ரெண்டு வருஷமா ஒருத்தர்கூட கார்டா வந்ததில்ல. டிபேட்ல எல்லாரும் ஒரே பக்கம். பத்து நிமிஷத்துல ஐஸ்க்ரீம் சாப்பிடப் போயிடுவோம்."

அவளே முடிவும் செய்துவிட்டாள். குழாய்க் காவலை ஒழிக்கலாமா, கூடாதா என்பது தலைப்பு. ஒழிக்கவேண்டும் என்று பதினாலு பேர். கூடாது என்று அன்பு ஒருத்தி. நடுவர் ஜலஜா. அன்பு என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். புத்தகம் போயிற்று, என்னால் போயிற்று.

சுவாமிநாதன் முதலில் பேசினார். பன்னிரண்டு நிமிஷம். சுதந்திரம் பற்றி இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பொழிந்தார்.

"ஜலத்தைக் கொடுக்கற கைதான் மனுஷாளை அடக்கறதுன்னா, அந்தக் கையே நமக்கு வேண்டாம்" என்று முடித்து, இல்லாத தன் சட்டைக் கையைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டு, அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

அன்பு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அப்புறம், லாரி வரிசையில் பேசுகிற குரலில் பேசினாள்.

"சார், உங்க வீட்ல லாரித் தண்ணி வாங்குவீங்களா?"

"வாங்குவோம். சம்ப்புல வந்து விழும்."

"வரிசைல நின்னு புடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"கார்டு எல்லாரையும் தொரத்திட்டீங்க, சரி. நாளைக்குக் காலைல கொழாய தொறக்கப் போறது யாரு? நாப்பது வூடு, நானூறு கொடம். இடுப்பு புடிச்சிக்கினு ஒரு ஆயா கடைசில நிக்குது. தண்டால் எடுக்கறவன் மொதல்ல நிக்கறான். டோக்கன் கிழிக்க ஆள் இல்லன்னா அந்த ஆயாவுக்கு எத்தினி கொடம் சார் கெடைக்கும்?"

ஒரு பெண், மக்கள் தாங்களே பிரித்துக்கொள்வார்கள் என்றாள். எப்படி என்று அன்பு கேட்டாள். ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வீட்டுக்கு இத்தனை என்றான் ஒருவன், தலைக்கு இத்தனை என்றாள் இன்னொருத்தி. விருந்தாளி வந்தால், பிரசவ வீடு என்றால், குடம் பெரிசாக இருந்தால் என்று அன்பு வரிசையாகக் கேட்கக் கேட்க, கலகக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது புத்தகம் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் மைராவே ஒரு வரிசையை ஒழுங்கு செய்கிறாள் என்று அன்பு எடுத்துக் காட்டியபோது, இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். அரை மணி நேரத்தில் ஜலஜா தீர்ப்புச் சொன்னாள். காவலர் பக்கம் வெற்றி.

கை தட்டி முடிந்ததும் அன்பு கையை உயர்த்தினாள்.

"நான் இன்னும் முடிக்கல. தண்ணிய அளந்து ஊத்த ஆள் வேணும். கேக்கறவங்கள சுடறதுக்கு ஆள் வேணாம். நான் டோக்கன் குடுக்கறவதான், ஆனா சுடறவங்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் தன் இடது தோளைப் பிடித்துக் கோட்டின் கையை ஓங்கி இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். அதற்கும் வரவில்லை. சுவாமிநாதன் உதவிக்கு வந்து, நீ அசையாமல் நில் என்று சொல்லிவிட்டு இழுத்தார். அன்புதான் அவரோடு சேர்ந்து இரண்டடி நகர்ந்தாள். ஜலஜா அவளை இடுப்பில் பிடித்துக்கொள்ள, அவர் மறுபடி இழுத்தார். மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். தையல் ஒரு இழைகூட விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்ததை மறைப்பானேன்.

சுவாமிநாதன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"இது எந்தக் கடைல தெச்சது?"

"நான்தான் சார் தெச்சேன். இவ அக்கா."

"பேஷா தெச்சிருக்கேள். அதான் பிரச்னை."

நான் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு அன்பு பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியை ஒரே வெட்டாக வெட்டிவிடலாமே என்று ஒருவன் யோசனை சொன்னான். நல்ல துணியில் கத்தரி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அக்குளில் ஆரம்பித்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். முதலில் நாடா, அப்புறம் இரட்டைத் தையல், கடைசியில் லைனிங். எட்டு நிமிஷம் ஆயிற்று. கலகக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று வெயில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். கை முழுசாகக் கழன்று வந்தபோது, அன்பு அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். சுண்டல் விற்கிறவர்கூட நின்று பார்த்தார். ஜலஜா ஐந்தாவது புத்தகத்தை அவள் கையில் கொடுத்தாள்.

புத்தகத்தைப் படிக்க அடுத்த முறை தனக்குத்தான் என்று சுவாமிநாதன் அங்கேயே சொல்லி வைத்தார். சனிக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகவும், அந்த வரிசையையும் ஒரு தடவை பார்த்துவிடுவதாகவும் சொன்னார்.

கோட்டு இப்போது எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இடது தோளில் நூல் தொங்கியபடி இருக்கவேண்டும், தொடக்கூடாது என்று அன்பு உத்தரவு போட்டிருக்கிறாள். நான் நூலைத் தொடவில்லை. உள்பக்கமாக ஓரத்தை மட்டும் மடித்து ஒரு தையல் போட்டிருக்கிறேன்; வெளியே தெரியாது.

புத்தகத்தை அவள் ஐந்து நாளில் முடித்தாள். காலண்டரில் இருக்கிறது. சனிக்கிழமை ஆறரை மணிக்கு சுவாமிநாதன் ஆட்டோவில் வந்து இறங்கினார். சும்மா வரவில்லை, எவர்சில்வர் குடம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நேராக அன்பு பக்கத்தில் போய் நின்றவரை, ஜைதூன் பீ விரலைக் காட்டிக் கடைசிக்கு அனுப்பினார். அன்பு மதிலின் உச்சியிலிருந்து கதையை எடுத்தாள். அன்றைக்கு மட்டும் நான் டிரம்மை விட்டுவிட்டுக் கீழே வந்து நின்று கேட்டேன். லாரி ஏழே முக்காலுக்கு வந்தது. அதற்கு மூன்று நிமிஷம் முன்னால் மைராவின் கால் தரையில் பட்டது. ஜைதூன் பீ கையிலிருந்த குஞ்சத்தைக் கீழே வைத்து, விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டார். வரிசை நகர்ந்தது. சுவாமிநாதன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஜைதூன் பீ திரும்பிப் பார்த்தார்.

"அதான் எறங்கிட்டா இல்ல சார்? கொடத்த நகத்துங்க."