கத்துக்கு ரெஸ்ட்

என் குரல் பெரியது. குடியாத்தத்தில் நாலு தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பினால்தான் இன்னொரு கரண்டி சோறு கேட்டாலும் தட்டுக்கு வரும். கல்யாணமாகி அல்சூருக்கு வந்த முதல் வாரமே, நான் அடுப்படியில் பேசுவது ஏரிக்கரைவரை கேட்கிறது என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். ஏரிக்கரை எங்கே, எங்கள் வீடு எங்கே. எதையும் கொஞ்சம் ஊதிச் சொல்வது அவர் சுபாவம்.

அவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுகோடியில் ஒரு மரக்கடையில் குமாஸ்தா வேலை. எந்த பாஷையில் போன் வந்தாலும் அவரிடம்தான் கொடுப்பார்கள். ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் காகிதத்தைப் பிடித்து மறு கையால் ஆர்டர் எழுதுவாராம். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. வீட்டுக்கு யார் வந்தாலும், சப்பாத்திக் கட்டையைத் தோளில் இடுக்கி நடித்துக் காட்டாமல் அனுப்ப மாட்டார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. டிரெயினிங் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அது பெரிய விஷயம். வருகிறேனா இல்லையா என்று மாதம் முடிவதற்குள் சொல்லிவிடு என்றார் பெரிய டீச்சரம்மா. வீட்டுக்காரரைக் கேட்டால், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். அவர் "பாக்கலாம்" என்று சொன்ன எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்போதுதான் அவருக்கு வலி வந்தது. இடது பக்கம் நெஞ்சைப் பிடிக்கிறது, அங்கிருந்து தோள், கை வழியாக இறங்குகிறது, கட்டைவிரல் மரத்துப்போகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? ஹார்ட் அட்டாக் என்று நானே முடிவு கட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மனசுக்குள் ஒரு ஓரத்தில் பள்ளிக்கூடமும் இருந்தது. சீக்காளிப் புருஷனை வீட்டில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

டாக்டர் கன்னடக்காரர். என் வீட்டுக்காரரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். இரண்டு பேரும் கன்னடத்தில் ஏதேதோ பேசினார்கள். எனக்கு அந்தப் பாஷை அப்போது சுத்தமாகத் தெரியாது. பிறகு டாக்டர் வெளியே வந்து, எனக்காகத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல. எல்லாம் கத்துதான். கத்துனாலதான் நெஞ்சுலயும் கையிலயும் நோவு. கத்துக்கு ரெஸ்ட் கொடுத்தாப் போதும்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் கத்துகிற விஷயம் டாக்டர் வரைக்கும் போய்விட்டதா? வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு ரொம்பக் கவலையோடு தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து நான் குசுகுசுவென்றுதான் பேசினேன். பாலில் தண்ணீர் கலந்தவனை முறைத்ததோடு விட்டேன். மீனைத் தூக்கிக்கொண்டு போன பூனையைக் கையைத் தட்டி விரட்டினேன். அது நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது. என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், வீட்டுக்காரரின் கை தானாக நெஞ்சுக்குப் போகும். அவருக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க் குழம்பு வீட்டைவிட்டே போனது. அவருடைய ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கச்சேரி வீட்டுக்குள் வந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"டீச்சர் வேலைன்னா நாள் பூரா கத்தணும். அங்க கத்திப் பழகிட்டு இங்க வந்து வாயை மூடிக்கினு இருப்பியா? நீயே யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அன்று நான் அழுத அழுகை நிஜம். வேலை போகிறதே என்று அழுதேனா, என் குரலே இந்த மனுஷனைக் கொன்றுவிடுமோ என்று அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் போய் வேலை வேண்டாம் என்று பெரிய டீச்சரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

காலையில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முனகினார். "கத்து நோவு" என்றார். ஐயோ பாவம், என் வீட்டுக்காரரைப்போல இன்னொரு ஜீவன் என்று எனக்கு உருகிவிட்டது. யார் கத்துகிறார்கள், உங்கள் வீட்டுக்காரரா என்று ரகசியமாகக் கேட்டேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பிடரியின்மேல் வைத்து அழுத்தினார்.

"கத்து. இதே கத்து" என்றார்.

கழுத்து! கன்னடத்தில் கழுத்துக்குக் கத்து என்று பெயர். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஹார்ட்டில் ஒன்றும் இல்லை, எல்லாம் கழுத்துதான், கழுத்துக்கு ரெஸ்ட் கொடுத்தால் போதும். நாளெல்லாம் தலையைச் சாய்த்து ரிசீவரை இடுக்கினால் கழுத்து என்ன ஆகும்? அங்கே ஒரு நரம்பு நசுங்கினால் அங்கேதான் வலிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அது தோளுக்கும் நெஞ்சுக்கும் விரலுக்கும் போய் அழுதிருக்கிறது. நாலு பாஷை தெரிந்த மனுஷருக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியாமல் போயிற்றாக்கும்.

வீட்டுக்கு வந்தேன். குடத்தை இறக்கும்போது ணங்கென்று சத்தம் வந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கை நெஞ்சுக்குப் போனது. நான் நேரே அடுப்படிக்குப் போனேன். வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தேன். ஒத்தடம் என்றதும் சட்டைப் பித்தானை அவிழ்த்து நெஞ்சைக் காட்டினார். நான் அவர் தலையை முன்னால் தள்ளி, மூட்டையைப் பிடரியில் வைத்தேன்.

அவர் குனிந்த தலையோடு, யார் சொன்னது என்று கேட்டார். குழாயடி என்றேன். அவர் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். சிரித்ததும் நரம்பு சுரீரென்று இழுத்திருக்க வேண்டும், ஆவென்று தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதில் பரம திருப்தி.

நான் எப்போது கத்த ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தார். கத்தல் வரவில்லை. மூட்டையை மறுபடி சூடாக்கிக்கொண்டு வந்தேன், புடவை மாற்றினேன், குடையை எடுத்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"கத்திட்டாவது போயேன்" என்றார்.

"இனிமே கத்துறதுக்கு எனக்குச் சம்பளம் தரப்போறாங்க" என்றேன். "வீட்ல சும்மா கத்துறதா இல்ல."