பதினாலாம் நம்பர் கோளாறு

போன வெள்ளிக்கிழமை காலை திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். மாடியில் டயாலிசிஸ் வார்டு. அங்கே படுத்திருந்தவர் என் மச்சான் தனசேகர். என் மனைவியின் அண்ணன், ராயபுரத்துக்காரர்.

துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருபது வருஷம் ஜெனரேட்டர் ஓட்டியவர். கால் வீங்கியபோது டாக்டரிடம் போகவில்லை. ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கினார். சிறுநீரகம் போனது. பின்னாலேயே வேலையும் போனது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. இப்போதெல்லாம் சென்னையில் அது ஒரு செய்தியா என்ன? கீழே ஜெனரேட்டர் உறுமியது, ஃபேன் சுற்றியது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஜெனரேட்டரும் நின்றது. அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"மெஷின்ல பேட்டரி இருக்கு. இருபது நிமிஷம் தாங்கும். பயப்படாதீங்க" என்றார் சிஸ்டர் ஸ்டெல்லா.

ஒரு நர்ஸ் பயப்படாதீங்க என்றால் என்ன செய்வோம்? நான் கீழே ஓடினேன்.

கீழே வாட்ச்மேன் ஏழுமலை. ஜெனரேட்டரும் அவர் பொறுப்புதான். கன்ட்ரோல் பேனலில் சிவப்பு விளக்கு. சின்னத் திரையில் 14 என்று ஓர் எண். ஏழுமலை ரீசெட் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் அரை நிமிஷம் ஓடி நிற்கும். மறுபடி 14. மறுபடி ரீசெட்.

"பதினாலுன்னா என்னங்க?"

"தெர்லியே சார். எப்பவும் அமுக்குனா பூடும்."

"புக்கு எதுவும் இல்லையா?"

"மேனேஜர் ரூம் பீரோவுல கீது. சாவி மேனேஜராண்ட கீது. மேனேஜர் கல்யாணத்துக்குப் பூட்டாரு."

செல்போனில் மச்சானை அழைத்தேன். அவருக்கு ஒரு கையில் ஊசி. இன்னொரு கை சும்மாதான் இருந்தது.

"பதினாலுன்னு காட்டுது மச்சான். ரீசெட் பண்ணிப் பண்ணிப் பாக்கறார்..."

"மொதல்ல கைய எடுக்கச் சொல்லு. அமுக்கிகினே கீறதுக்கு அது இன்னா காலிங் பெல்லா? பேனல் கதவத் தொற. உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். எந்த நம்பருக்கு இன்னா கோளாறுன்னு போட்டிருப்பான்."

திறந்தேன். ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம், குங்குமம் — சரியாகப் பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை.

"சாமி பொட்டு சார். தொடைக்காதீங்க."

மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைக்குட்டையால் தேய்த்தேன். பதினான்கு: ஹை வாட்டர் டெம்பரேச்சர்.

"சூடாயிகீது" என்றார் மச்சான்.

அதைக் கேட்டதும் ஏழுமலை ஒரு குடம் தண்ணீரோடு வந்து ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். மச்சானிடம் சொன்னேன். போன் அலறியது.

"தொட வேணாம்னு சொல்லு! இப்போ தொறந்தா மூஞ்சி வெந்துடும். பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா கீதே, அதுல தண்ணி தெரிதா?"

"தெரியுது."

"அப்போ தண்ணி கொறையல. காத்து போவல. ரேடியேட்டர் காத்து வெளிய வர்ற பக்கம் சுத்திப் போய்ப் பாரு."

போனேன். சூடான காற்று வெளியேற வேண்டிய ஜன்னலை அடைத்து, முந்தின நாள் மாலை யாரோ இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். ஆஸ்பத்திரியின் மூன்றாம் ஆண்டு விழா. நிறுவனர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நானும் ஏழுமலையும் கயிற்றை அறுத்து நிறுவனரைத் தரையில் இறக்கினோம்.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா மச்சான்?"

"வேணாம். ஏசி லைன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. ஜெனரேட்டர் கதவெல்லாம் தொறந்து வுடு. ஆறட்டும். சும்மா நில்லு."

"அங்க பேட்டரி..."

"அத்த நாங்க பாத்துக்கறோம். நீ இன்ஜினப் பாரு."

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "இன்னும் கொஞ்சம்" என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். எனக்குக் கோபமே வந்தது. கடைசியாக, "இப்போ அமுக்கு" என்றார்.

ரீசெட். ஸ்டார்ட். அரை நிமிஷம் கடந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... ஓடியது. ஏழுமலை ஜெனரேட்டரைக் கும்பிட்டார். நான் மாடிக்கு ஓடினேன்.

மச்சான் படுக்கையருகே சிஸ்டர் ஸ்டெல்லா நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை, கையில் ஒரு சின்னக் கைப்பிடி. மற்ற மெஷின்களில் பேட்டரி தாங்கியிருக்கிறது. மச்சானுடையதில் மட்டும் நான்கே நிமிஷத்தில் தீர்ந்துவிட்டதாம். அதன் பிறகு, குழாயில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, சிஸ்டர் கையாலேயே பம்பைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் போனில் கேட்ட அத்தனை "இன்னும் கொஞ்ச"மும் அப்போது சொன்னவைதான்.

"ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னா நீ சூட்டோட சூடா ஸ்டார்ட் பண்ணிருப்ப. இன்ஜின் பூட்டிருக்கும். அப்பால அத்தினி பேருக்கும் சிஸ்டர் எப்டி சுத்துவாங்க?"

கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கூசுது, வுடு மாப்ள" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் விளக்கைத்தான் அணைக்கிறோம். ஏழுமலையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். பேனர் இடம் மாறியிருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் மேனேஜர் ஒரு தாளை ஒட்டியிருந்தார்: 'திரையில் கோளாறு எண் தெரிந்தால் மாடியில் திரு. தனசேகர் அவர்களை அணுகவும். செவ்வாய், வெள்ளி மட்டும்.'

மற்ற நாட்களில் கெட்டுப்போனால்? கேட்க நினைத்தேன். மச்சான் அந்தத் தாளை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"'அவர்கள்'னு போட்டுகீறான், பாத்தியா மாப்ள?"