பெண்ணை ஒப்புக்கொடுப்பது யார்

பாக் முஹ்தாதி வருடத்துக்கு இரண்டு தடவை சிரிப்பார். ஒன்று நோன்புப் பெருநாளன்று, இன்னொன்று அலுவலகத் தணிக்கை முடிந்த அன்று. மற்ற நாளெல்லாம் கறுப்புத் தொப்பியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, பல்வலிக்காரர் முகத்தோடு திரிவார். எங்கள் வட்டத்து மத அலுவலகத்தில் அவர்தான் பெங்குலு. நிக்காஹ் நடத்திவைத்து, பதிவேட்டில் ஏற்றி, தம்பதிக்குத் திருமணப் புத்தகம் கொடுக்கிற அரசு ஊழியர். நான் ரத்மி, அவருக்கு எதிர்மேசையில் தாள்களைச் சரிபார்க்கும் எழுத்தர். எங்கள் ஜாவாவில் ஆண்களுக்கு மரியாதையாகப் பாக், பெண்களுக்கு இபு; அவர் எனக்குப் பாக், நான் அவருக்கு இபு. பதினேழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அதில் பாதி நாள் சண்டை.

சண்டை பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பே ஒருத்தி உண்டாகிவிடுகிறாள், கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் பெண்குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். அந்தப் பெண் வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்போது, பெற்ற அப்பா அவளுக்கு வலீயாக, அதாவது பொறுப்பாளராக, நின்று மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுக்க முடியாது என்கிறது எங்கள் மதச் சட்ட நூலான கிதாப். அவர் இடத்தில் பெங்குலு அரசு வலீயாக நிற்க வேண்டும்; இல்லையென்றால் அந்த நிக்காஹே செல்லாது. நாட்டுச் சட்டமோ, கல்யாணத்துக்குப் பின் பிறந்த பிள்ளை புருஷனின் பிள்ளைதான், மேற்கொண்டு கேள்வி வேண்டாம் என்கிறது. இரண்டு புத்தகமும் எங்கள் அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் இருந்தன.

"சட்டமே கதவைச் சாத்திடுச்சு பாக். நீங்க எதுக்கு ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறீங்க?" என்பேன்.

"அல்லாஹ் ஜன்னல் வழியாத்தான் பாக்குறான், இபு."

"தப்புப் பண்ணினது ரெண்டு பேரு. கல்யாண மேடையில தலைகுனியறது மூணாவது ஆளா?"

"யாரும் தலைகுனிய வேணாம். அதுக்குத்தான் நான் இருக்கேன்."

அவர் சொன்னதும் சும்மா இல்லை. அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார். முதலில் பெற்றவர்களை மட்டும் தனியே அழைத்து விசாரிப்பார். உண்மை என்றால், மேடையில் மைக் வந்ததும் அப்பா, "பெங்குலுவையே நடத்தித்தரச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் போதும். நாக்குக் குழறிவிடுமோ என்று பயந்து எத்தனையோ அப்பாக்கள் அப்படிச் செய்வதுண்டு. கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இப்படிப் பதினோரு கல்யாணம் முடித்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்தே கேட்காமல் விட்டது ஒரே ஒரு தடவை. ஆறு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் சித்தப்பா ஏதோ நிலத் தகராறில் விஷயத்தைக் கக்கிவிட்டார். அந்தப் பெண் இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இந்த ஆறு வருஷம் என்ன கணக்கு?" என்று இவர் மேசை முன்னால் நின்று கதறினாளாம். மறுபடி நிக்காஹ் செய்துவைத்திருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

பன்னிரண்டாவதாக வந்தவள் விகாதி.

அவள் அப்பா கசிரின் மணல் லாரி ஓட்டுகிறவர். குரலும் லாரி மாதிரிதான். தாள்கள் சுத்தமாக இருந்தன. பெற்றோர் கல்யாணம் தொண்ணூற்றொன்பது ஜனவரி, மகள் பிறப்பு அதே வருடம் செப்டம்பர் பதினாலு. எட்டு மாதம். முத்திரை குத்தக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. நாள் குறிக்கிறவர் எழுதிக் கொடுத்த சீட்டு. எங்கள் ஜாவாவில் பிறந்த கிழமையோடு ஐந்து நாள் சந்தைக் கணக்கையும் சேர்த்துப் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாண நாள் வைப்பார்கள். பெண் பிறந்தது செவ்வாய், கிளிவோன் சந்தை என்று சீட்டில் இருந்தது. செப்டம்பர் பதினாலு செவ்வாய்தான், ஆனால் பாஹிங் சந்தை.

பெற்றவள் பிறப்புச் சான்றிதழில் ஒரு பொய்த் தேதியைப் போடத் துணிவாள். மகளின் கல்யாணப் பொருத்தத்தில் பொய்க் கணக்குக் கொடுக்க எந்த ஜாவாக்காரிக்கும் மனசு வராது. நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணினேன். ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் ஏழிலும் செவ்வாய் கிளிவோன் வருகிறது. சான்றிதழ் எழுதியவன் ஒரு வாரம் தப்பாகப் போட்டிருக்கலாம். முப்பத்தைந்து நாளுக்கொரு தடவை அது திரும்பும், மே இருபத்தைந்திலும் வருகிறது. அப்படியானால் கல்யாணமாகி நாலரை மாதம்.

சீட்டை மடித்து என் இழுப்பறையில் போட்டு மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

"இபு ரத்மி, அந்தச் சீட்டு?" என்றது எதிர்மேசை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை மனுஷர்.

வியாழக்கிழமை பெற்றவர்களை உள்ளே அழைத்தார். விகாதியும் மாப்பிள்ளை ஃபஜ்ரினும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

"மக பொறந்த தேதி இதுதானா, பாக் கசிரின்?"

"ஏன், எழுத்து தெரியலையா?"

"தெரியுது. சரியான்னு கேக்குறேன். இந்த நாலு சுவத்தை விட்டு வெளிய போகாது."

கசிரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவ என் ரத்தம்! எவன் இல்லேன்னு சொல்றான், கூப்பிடு பாப்போம்!"

"உங்க ரத்தம் இல்லேன்னு யாரும் சொல்லல. அவ வயித்துல தங்கின நாளுதான் கேள்வி. உக்காருங்க."

அம்மா துரியா தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் விரல் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

"செப்டம்பர் பதினாலு. ஒரு மாசமா லாரியில போக வர ஒப்புக்கொடுக்கிற வார்த்தைய மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். என் பொண்ண நான்தான் ஒப்புக்கொடுப்பேன்," என்றார் கசிரின்.

"தாள் சுத்தமா இருக்கு, நான் தடுக்க முடியாது. ஆனா மறைச்சுட்டு நின்னா, அந்த நிக்காஹோட பொறுப்பு உங்க கழுத்துல. ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை கேப்பேன்."

அவர்கள் போன பிறகு நான் வெடித்தேன். "இருபத்து நாலு வருஷம் சோறு போட்டவன் அப்பா இல்லையாம். எங்கேயோ இருந்து வந்து உக்கார்ற நீங்க வலீயாம். இது நியாயமா பாக்?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "எனக்கு மட்டும் இது இனிக்குதுன்னு நினைக்கிறீங்களா?" என்று அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். கல்யாண வீட்டுப் பந்தலில் கால்வைக்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். பத்து மணிக்கு எங்களுக்கு அடுத்த ஊரில் இன்னொரு நிக்காஹ். பாக் முஹ்தாதி நேராகக் கசிரினிடம் போய், "அஞ்சு நிமிஷம்," என்றார்.

பக்கவாட்டு அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். கசிரின், துரியா, அவர், நான். வெளியே ஒலிபெருக்கி, "பெண்ணின் தந்தை மேடைக்கு வரவும்," என்றது.

"இன்னொரு தடவை கேக்குறேன்."

"இன்னொரு தடவை சொல்றேன். செப்டம்பர் பதினாலு." புதுச் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "இப்ப நான் மைக்க உங்ககிட்ட குடுத்தா, அந்தத் திருமணப் புத்தகத்துல என்ன எழுதுவீங்க? அரசு வலீன்னு எழுதுவீங்க. எம்பொண்ணு படிச்சவ. ஏன்னு கேப்பா. அவ அம்மாவ அவ எப்படிப் பாப்பா?"

அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. ஆள் வீம்புக்கு நிற்கவில்லை. பெண்டாட்டியை மறைத்து நிற்கிறார்.

கதவு திறந்தது. விகாதி முழு அலங்காரத்தில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்; வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கசிரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"அப்பா, மைக்க அவர்கிட்ட குடுத்துருங்க."

"நீ போ வெளிய. பெரியவங்க பேசுறோம்."

"எனக்குத் தெரியும்பா. எட்டாவது படிக்கும்போதே தெரியும். முப்பத்தஞ்சு நாளுக்கொரு தடவை, செவ்வாய் கிளிவோன்னா அம்மா எனக்குப் பிறந்தநாள் கஞ்சி காய்ச்சுவாங்க. சான்றிதழ்ல இருக்கிறது அந்த நாளே இல்ல. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்ல எண்ணிப் பாத்தேன்."

"பத்து வருஷமாவா? வாயே திறக்கலையேடி," என்றாள் துரியா. இந்த விவகாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்களும் திறக்கலையே." விகாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பொறந்தப்புறம் எவனாவது வந்து சொல்லி, நான் அல்லாடணுமா? இன்னைக்கே ஒழுங்கா நடக்கட்டும்பா. புத்தகத்துல என்ன எழுதினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஒலிபெருக்கி மறுபடியும் கூப்பிட்டது. கசிரின் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ.

"அப்ப நான் யாரு? எம்பொண்ணு கல்யாணத்துக்குச் சாப்பிட வந்த விருந்தாளியா?"

நான் பாக் முஹ்தாதியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் மதரஸாவிலும் முப்பது வருடம் அரசு வேலையிலும் படித்ததற்கெல்லாம் இதற்கு ஒரு பதில் வேண்டாமா என்று எனக்கு ஆத்திரம். அவர் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாக் கசிரின், எழுந்திருங்க. இந்த நிக்காஹுக்கு வலீ நான். புத்தகத்துலயும் அப்படித்தான் எழுதுவேன். வலீ தன் சார்பா இன்னொருத்தரை நியமிக்கலாம். ஒப்புக்கொடுக்கிற வார்த்தைய என் சார்பா சொல்ல உங்களை நியமிக்கிறேன். ஏத்துக்கிறீங்களா?"

கசிரினுக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிதாப்ல இடமிருக்கா?" என்றேன் நான்.

"இருக்கு."

"அலுவலக விதியில?"

"மேலிடத்துல கேட்டா பதில் நான் எழுதிக்கறேன்." தணிக்கை என்றாலே இரண்டு நாள் சோறு இறங்காத மனுஷர் இதைச் சொன்னார். பிறகு கசிரினிடம் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு. 'என் மகள்'னு சொல்ல வேணாம், கிதாப்ல அதுக்கு இடமில்ல. விகாதின்னு பேரை மட்டும் சொல்லுங்க. அது போதும்," என்றார்.

கசிரின் தலையாட்டினார். "ஏத்துக்கறேன்."

மேடையில் கசிரினும் ஃபஜ்ரினும் எதிரெதிரே உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டார்கள். பாக் முஹ்தாதி மைக்கைக் கசிரின் வாயருகே பிடித்துக்கொண்டார்.

"தம்பி ஃபஜ்ரின்..." என்று தொடங்கினார் கசிரின். "ஐந்து கிராம் தங்கமும் தொழுகை உடையும் மணக்கொடை மஹராகக் கொண்டு, உனக்கு நான் நிக்காஹ் செய்து தருகிறேன்..."

அங்கே நின்றுவிட்டார். ஒரு மாதம் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒரு சொல்லைத் தாண்டமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை. யாரோ ஒரு கிழவர் இருமினார். பாக் முஹ்தாதி உதட்டசைவில் 'விகாதியை' என்று எடுத்துக்கொடுத்தார். கசிரின் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"...என் மகள் விகாதியை."

"ஏற்றுக்கொண்டேன்!" என்றான் ஃபஜ்ரின் ஒரே மூச்சில்.

எல்லாத் தலையும் பெங்குலு பக்கம் திரும்பியது. அவர் சாட்சிகளிடம், 'செல்லுமா?' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னால் ஏன் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கசிரினின் உடைந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மீதி விளங்கிவிடும். துரியா கண்ணை மூடிக்கொண்டாள். இவர் எந்த விதியையும் வளைத்து நான் பார்த்ததில்லை, இன்று அரை மணியில் ஒன்றை வளைத்தாயிற்று, இன்னொன்றுக்கு இவரால் முடியாது என்றுதான் நினைத்தேன்.

பாக் முஹ்தாதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாட்சிகளே, செல்லுமா?"

"செல்லும்!" என்றார்கள் இரண்டு பேரும். பந்தலே திருப்பிச் சொன்னது.

வலீயின் கட்டத்தில் 'அரசு வலீ' என்று அவர் கையாலேயே எழுதினார். விகாதி அதைப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், புத்தகத்தை மூடிப் படத்துக்குக் காட்டினாள். கசிரின் அவளை அணைத்துக்கொண்டு லாரிச் சத்தத்தில் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. அவரு 'என் மகள்'னு சொல்லிட்டாரு. அப்புறம் எப்படிச் செல்லும்னு விட்டீங்க?"

அவர் மோட்டார் சைக்கிளைத் தாங்கியிலிருந்து தள்ளினார்.

"அவர் பொய் சொல்லலையே, இபு," என்றார். "ஏறுங்க, பத்து மணிக்கு நேரமாச்சு."