‘மேட்’ என்றால் கூடச் சாப்பிடுபவன்

மெல்பர்னிலிருந்து லீவில் வந்தவன் நேற்று தாம்பரம் ஸ்டேஷன் அருகே பஜ்ஜிக் கடையில் டீயோடு நின்றேன். தட்டு சரவணன் கையில். முடிச்சூர்க்காரன், காலேஜ் காலத்து மச்சான். அந்தத் தட்டை நோக்கிப் போன என் கை பாதியில் நின்றுவிட்டது. “எடுத்துக்கட்டுமாடா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே பகீர் என்றது.

காட்டாங்குளத்தூரில் நாங்கள் படித்தபோது, ஒருவன் டப்பாவைத் திறந்தால் நாலு கை உள்ளே போகும். “உங்க வூட்ல இன்னிக்கு இன்னா?” என்று சரவணன் கேட்டு முடிப்பதற்குள் என் முட்டை காணாமல் போயிருக்கும். கேட்டு எடுப்பவன் விருந்தாளி, கேட்காமல் எடுப்பவன் மச்சான். அதுதான் எங்கள் சட்டம்.

மெல்பர்னில் பஸ் டிரைவர் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் நான் ‘மேட்’, அதாவது தோழன். வந்த புதிதில் பூரித்துப்போனேன். மதியமானால்தான் உண்மை தெரியும். அத்தனை மேட்களும் அவரவர் டப்பாவோடு அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். தனியாகத் தின்று பழகாதவன் நான். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் பக்கத்து சீட் கிரஹாமிடம் வேலை விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். தொட்டில் பழக்கம் சும்மா இருக்குமா? அவர் டப்பாவிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். “மேட்?” என்றார், புருவத்தை உயர்த்தி. மானம் போயிற்று.

அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் வேர் சாப்பாட்டில் இருக்கிறதாம். ஒரே உணவைப் பகிர்ந்து உண்பவன் என்பதுதான் பழைய பொருள். அடப்பாவிகளா, உங்கள் சொல்லை நீங்களே மறந்துவிட்டீர்களே! மறுநாள் எலுமிச்சை சாதத்தோடு போய் கிரஹாமிடம் இதைச் சொன்னேன். “அப்படியா, மேட்?” என்று சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஒரே மேஜைதான். இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலே என் டப்பாவில் முள்கரண்டியை விடுகிறார்.

அவரை மச்சானாக்கிய நான்தான் நேற்று பஜ்ஜிக்கு அனுமதி கேட்டு நின்றேன். சரவணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னாடா, பர்மிஷன்லாம் கேட்டுகினு கீற? விருந்தாளி ஆயிட்டியா?”

கேட்டுக்கொண்டே அவன் என் கையிலிருந்த டீயைப் பிடுங்கி, பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் பஜ்ஜியை எடுத்தேன். விரல் சுட்டது. இரண்டாவதைக் கேட்காமல் எடுத்தேன்.